காக்காவுக்கு அரை டிக்கெட்

எங்க மாமனாரு கொம்பையா காலமாகி ஒரு வருசம் முடிஞ்ச தெவசத்தன்னைக்கு, மொட்டமாடியில எல போட்டுச் சோத்த வச்சிட்டு, ஒரு காக்காவுக்காக நாங்க தவங்கெடந்த கதையச் சொல்லுதேன். நின்னது அஞ்சு பேரு. எங்க மாமியாரு உலகம்மை, நான் அத்தைன்னு கூப்பிடுவேன். எம் பொண்டாட்டி வடிவு. அத்தையோட கூடப்பொறந்த தம்பி ஆவுடையப்பன் மாமா. எதுத்த வீட்டு சப்பாணிமுத்து அண்ணாச்சி, ஹார்டுவேர் கடை வச்சிருக்காரு. அப்புறம் நானு. இந்த அஞ்சு பேருல நெசம் பேசுத ஆளு நாலு.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். செத்தவருக்குப் படைச்ச சோத்தக் காக்கா வந்து தொட்டாத்தான் வீட்டு ஆளுக கை நனைக்கலாம். தொடலைன்னா, போனவருக்கு ஏதோ மனக்குறைன்னு அர்த்தம். அன்னைக்குன்னு பாத்துப் புரட்டாசி அமாவாச வேற. தெருவுல அத்தன வீட்டு மாடியிலயும் எல விரிச்சிருக்கு. ஊருக் காக்கா பூராவும் காலையிலேயே வடையும் பாயாசமுமா அமுக்கிட்டு எங்கயோ மரத்துல மல்லாந்துட்டு போல. எங்க மாடிக்கு ஒண்ணு கூட எட்டிப் பாக்கல.

அத்தை விடியக்காலம் எந்திரிச்சதுல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. "கா... கா... வாங்க... சாப்பிட வாங்க..." கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்ட கட்டிப் போச்சு. வெயிலு உச்சந்தலையில இருந்து எறங்கப் பாக்குது. எலையில சோறு காஞ்சு வெறச்சுக்கிட்டு வருது. அத்தை முகத்தப் பாக்க எனக்குச் சங்கடமா இருந்துச்சு. எம் பசிய நான் பொறுத்துக்கிடுவேன், அந்த முகத்தப் பாக்கத்தான் முடியல.

சப்பாணிமுத்து அண்ணாச்சி எங் காதுல வந்து, "மாப்ள, நான் சுகர் மாத்திரையப் போட்டுட்டேன். கண்ணு இருட்டிக்கிட்டு வருது. அடுக்களையில இருந்து ஒத்த வடைய மட்டும் யாருக்கும் தெரியாம..."ன்னாரு.

வடிவு திரும்பி ஒரு பார்வ பாத்தா. அண்ணாச்சி வேட்டிய இறுக்கிக் கட்டிக்கிட்டு வானத்தப் பாக்க ஆரம்பிச்சிட்டாரு.

அப்பதான் தண்ணித் தொட்டி நெழல்ல சாஞ்சு நின்ன ஆவுடை மாமா ஒரு செருமல் செருமுனாரு. அவரு செருமுனா கத வருதுன்னு அர்த்தம். மலையடிவாரத்துல மக்காச்சோளம் போட்டிருக்க ஆளு. மீசைய ரெண்டு பக்கமும் தடவிட்டு, "வீணா ஏன் கத்துதீய? காக்கா வராது. நான் நிக்கேன்லா"ன்னாரு.

"நீரு நின்னா என்னவே? உமக்கும் காக்காவுக்கும் பங்காளிச் சண்டையா?"ன்னாரு அண்ணாச்சி.

"சண்டையா? யுத்தம்வே! என் ரைபிளப் பத்தி உமக்கு ஒண்ணுந் தெரியாது போல."

"லே, இன்னைக்குப் போயி காக்காயச் சுட்ட கதையா?"ன்னு அத்தை சுள்ளுன்னு விழுந்தா.

"சுட்டேன்னுதான் சொல்லுதேன் அக்கா, கொன்னேன்னு சொல்லலையே. காக்காயக் கொன்னா ஏழு தலமொறைக்கு ஆவாது. நான் சுடுதது உசுர வாங்க இல்ல, மானத்த வாங்க."

அத்தை மறுபடி வானத்தப் பாத்து உக்காந்துட்டா. அது போதும் மாமாவுக்கு.

"பாயிண்ட் டூ டூ ரைபிளு. தோட்டா இந்தா, நெலக்கடலப் பருப்பு தண்டிதான் இருக்கும். மலையில ஒரு எஸ்டேட் தொரை எனக்கு அன்பளிப்பாக் குடுத்தது. ஏன் குடுத்தாருன்னு கேளுங்க."

யாருங் கேக்கல.

"அவர ஒரு ஆனை வெரட்டுச்சு. நான் அந்த ஆனைய வெரட்டுனேன். அது தனிக் கத."

"லைசென்ஸ் இருக்காவே?"

"இருந்துச்சு. காக்கா தூக்கிட்டுப் போயிட்டு. பின்ன எனக்கு ஏன்வே அதுக மேல அம்புட்டுக் கோவம்?"

அண்ணாச்சி என்னப் பாத்தாரு. நான் எலையப் பாத்தேன். எலையில உளுந்த வடை பொன்னு மாதிரி இருந்துச்சு.

"மக்காச்சோளம் பாலு பிடிக்கப் பாலு பிடிக்க, காக்கா வந்து தோல உரிச்சு உரிச்சுத் திங்கும். ஒருக்கா என்ன ஆச்சுன்னா, நான் வயக்காட்டுல மத்தியானம் சாப்பிட உக்காந்திருக்கேன். எம் பொண்டாட்டி சுட்ட உளுந்த வடை. வாயில வைக்கப் போறேன், ஒரு அண்டங்காக்கா சர்ருன்னு வந்து புடுங்கிட்டுப் பறந்துட்டு. பறக்குது பறக்குது, தென்னந்தோப்பத் தாண்டிப் பறக்குது. ரைபிளத் தூக்கிட்டேன். இப்பத்தான் சிக்கல். காக்கா மேல பட்டாப் பாவம். வடை மேல பட்டா வடை பாழு. நீருன்னா என்னவே செய்வீரு?"

"வேற வடை எடுத்துத் திம்பேன்."

"அதான் நீரு ஆணி விக்கீரு, நான் ரைபிளு பிடிக்கேன். வடைக்கு நடுவுல ஓட்ட இருக்குல்லா? அந்த ஓட்டைக்குக் குறி வச்சேன். டப்! தோட்டா வடை ஓட்டைக்குள்ள பூந்து அந்தப் பக்கம் போச்சு. வடையில ஒரு துணுக்கு உதிரல. ஆனா அந்தக் காத்து இருக்கு பாத்தீரா, காக்கா மூக்குல கிச்சுக் கிச்சு மூட்டிட்டு. அது ஒரு தும்மல் தும்முச்சு. வடை கீழ விழுந்துட்டு."

"மண்ணுலயா?"ன்னா வடிவு. பாவம், அவளுக்கும் பசி.

"மண்ணுல விழ விட்டுருவேனா தாயீ? நேரா எஞ் சட்னிக் கிண்ணத்துல."

"பறக்குத காக்கா வாயில இருக்க வடையோட ஓட்டைக்குள்ள தோட்டா போச்சாக்கும்?"ன்னு அண்ணாச்சி பல்லக் கடிச்சாரு.

"எம் பொண்டாட்டி சுடுத வடைக்கு ஓட்ட பெருசுவே. அவ கைவாகு அப்படி. அதுல எம் பங்கு கொஞ்சந்தான்."

இதச் சொல்லிட்டுத் தன்னடக்கமாத் தலையக் குனிஞ்சிக்கிட்டாரு. பசி நேரத்துல வடையப் பத்திப் பேசுனதுக்கே அவர மாடியில இருந்து தள்ளி விட்டுருக்கணும். மாமியாரு வீட்டு ஆளுன்னு நான் பேசாம இருந்தேன்.

"அதுக்கப்புறம் காக்காவெல்லாம் உஷாராயிட்டு. என் ரைபிள்ல ஒரு தடவைக்குப் பத்துத் தோட்டா. அதுக தூரத்துப் பனையில உக்காந்து எண்ணும். நான் ஒருக்காச் சுட்டா ஒண்ணு 'கா'ங்கும். ரெண்டாந்தடவ சுட்டா ரெண்டு தடவ 'கா கா'ங்கும். பத்து முடிஞ்சதும் கூட்டமா எறங்கி, நான் தோட்டா மாத்துததுக்குள்ள அர வயல முடிச்சிரும். சரி, ஏமாத்துவோம்னு பதினொண்ணாவது தோட்டாவ மடியில ஒளிச்சு வச்சேன். மறுநாளு என்னடான்னா, ஒரு குட்டிக் காக்கா வந்து எம் மடியச் சோதன போட்டுட்டுப் போகுது."

"காக்காவுக்கு எண்ணத் தெரியுமாவே?"

"எங்க ஊரு பள்ளிக்கூடம் ஓட்டுக் கூரை. அது மேல வருசக்கணக்கா உக்காந்து கேக்குதுக. உள்ள இருக்க பயலுவளுக்குத்தான் ஏறல."

இதுக்கு வடிவு லேசாச் சிரிச்சிட்டா. அத்தை மட்டும் முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு, கைய நெத்தியில வச்சுத் தெற்கால பாத்துக்கிட்டே இருந்தா.

"பொறவு மாறுவேசம் போட்டேன். எம் பொண்டாட்டி சேலையக் கட்டிக்கிட்டு, ரைபிளச் சேலைக்குள்ள மறச்சிக்கிட்டு வயலுக்குப் போனேன். நடையப் பாத்தே கண்டுபிடிச்சிட்டுக. அன்னையில இருந்து நெசமாவே எம் பொண்டாட்டி அந்தச் சேலையக் கட்டிக்கிட்டு வந்தாக் கூடக் காக்காவெல்லாம் அலறி அடிச்சிட்டு ஓட ஆரம்பிச்சிட்டு."

"உம்ம பொண்டாட்டியக் கண்டா நாங்களுந்தான்வே ஓடுதோம். அதுல என்ன அதிசயம்?"

"ஓடுவீரு, ஓடுவீரு. கடன் வாங்குன ஆளு ஓடத்தான செய்வான்."

அண்ணாச்சி முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. மாமா தொட்டிய விட்டு நகந்து நடு மாடிக்கு வந்தாரு. கையில இல்லாத ரைபிளத் தோள்ல வச்சு, ஒரு கண்ண மூடி, எதுத்த தெரு கரண்டுக் கம்பியக் குறி பாத்தாரு.

"இந்த மாதிரித்தான் ஒரு நாளு. போஸ்ட்டு மரத்துல இருந்து போஸ்ட்டு மரம் வரைக்கும் கம்பியில வரிசையாக் காக்கா. கல்யாணப் பந்தி மாதிரி எடைவெளி இல்லாம உக்காந்திருக்கு. தோட்டாவோ ஒண்ணுதான் பாக்கி. ஒத்தத் தோட்டாவ வச்சு அத்தனைக்கும் மரியாத செய்யணும். என்ன செஞ்சேன்? கம்பிக்கு ஒரு மயிரிழை கீழ, கம்பி ஓட்டத்துக்கே விட்டேன் ஒரு சூடு. தோட்டா கம்பியோட ஒட்டிக்கிட்டே போயி, ஒவ்வொரு காக்காவுக்கும் கால் நகத்த மட்டும் சீவிக்கிட்டே போச்சு. சர்க், சர்க், சர்க், சர்க்! ஒரு காக்காவுக்கு ரத்தம் வரல. பார்பர் ஷாப்புல கூட அம்புட்டு நைசா வெட்ட மாட்டான்."

"கரண்டு போகலையா மாமா?"ன்னா வடிவு.

"ஊரு லைட்டு எல்லாம் ஒரு கண்ணு சிமிட்டுச்சு. அம்புட்டுத்தான்."

"அந்தத் தோட்டா?"ன்னு நானே கேட்டுட்டேன். கேட்டுருக்கக் கூடாது. அவரு கத அப்படி, உள்ள இழுத்துரும்.

"நல்லாக் கேட்டீங்க மாப்ள! மாப்ளன்னா மாப்ளதான். தோட்டா டிரான்ஸ்பார்மர ஒரு சுத்து சுத்தித் திரும்பி வந்துச்சு. நான் ரைபிள் வாயத் தெறந்து வச்சிருந்தேன், உள்ள போயி உக்காந்துட்டு. அந்த ஒத்தத் தோட்டாவ வச்சு நாலு வருசம் ஓட்டுனேன். கடைசியில தேஞ்சு எள்ளு தண்டி ஆயிட்டு."

"ஏ முருகா!"ன்னு அண்ணாச்சி தலையில கைய வச்சுக்கிட்டுக் கைப்பிடிச் சுவரோரமா உக்காந்துட்டாரு. பசியா, கதையான்னு தெரியல.

"இன்னும் முக்கியமான கட்டத்துக்கே வரல, அதுக்குள்ள உக்காந்துட்டீரே. காக்காவுக்கெல்லாம் ஒரு தலைவன் இருந்துச்சு. கெழட்டு அண்டங்காக்கா, கோழி தண்டி இருக்கும். நான் சுட்ட தோட்டாவ அலகால லபக்குன்னு பிடிச்சு, ரெண்டு மெல்லு மென்னு, 'ஈயம் மட்டம்'னு துப்பிரும். அதுக்கும் எனக்கும் ஒரு பகலு பூராச் சண்ட. நான் சுட, அது துப்ப. நான் சுட, அது துப்ப. சாயங்காலம் ரெண்டு பேருக்கும் களைப்பு. அது பறந்து வந்து வைக்கப் படப்பு மேல உக்காந்துச்சு. 'ஆவுடையப்பா, எதுக்கு இந்தப் பொழப்பு? பேசித் தீத்துக்குவோம்'னுச்சு."

"காக்கா பேசுச்சு?"ன்னாரு அண்ணாச்சி.

"நம்ம ஊருத் தமிழ்தான். கொஞ்சம் தொண்ட கரகரப்பு. பஞ்சாயத்து வச்சோம். என் பக்கம் நான் ஒத்த ஆளு, அது பக்கம் நூத்துக்கணக்குல காக்கா. முடிவு என்னன்னா, நான் இனி ரைபிளத் தொடக் கூடாது. பதிலுக்கு, ஆவுடையப்பன் எங்க நின்னாலும் சரி, அவன் கண்ணுக்கெட்டுன தூரத்துக்கு ஒரு காக்கா எறங்கக் கூடாது. நான் திருநீற எடுத்துச் சத்தியம் பண்ணுனேன். அது அலக மூணு தடவ தரையில தேச்சு சத்தியம் பண்ணுச்சு. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் நான் நிக்குத எடத்துல காக்காச் சத்தம் கேட்டதில்ல. சந்தேகமா? இந்தா, வானத்தப் பாரும்வே. ஒண்ணாவது இருக்கா? வெட்ட வெளிச்சமா இருக்குல்லா அத்தாட்சி?"

மாமா ரெண்டு கையையும் விரிச்சு வானத்தக் காட்டுனாரு. வானம் துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. அவரு சொன்ன கதைக்கெல்லாம் மொத மொதல்ல ஒரு சாட்சி கெடச்ச சந்தோசம் அவரு மீசையில தெரிஞ்சுது.

சப்பாணிமுத்து அண்ணாச்சி மெதுவா எந்திரிச்சாரு. வேட்டியில ஒட்டுன தூசியத் தட்டுனாரு.

"அப்ப நீரு இங்க நிக்க வரைக்கும் காக்கா வராது?"

"வராது."

"காக்கா வராட்டா நமக்குச் சோறு கெடையாது?"

"வழக்கம் அதான?"

"அப்ப எறங்கும்வே கீழ!"

மாமா முழிச்சாரு பாருங்க, அந்த முழி! எலையில இருக்க வடையப் பாத்தாரு, பாயாசத்தப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. "இல்ல அண்ணாச்சி, அந்த ஒப்பந்தம் எங்க பக்கத்துக் காக்காவுக்குத்தான், இது டவுனு..."ன்னு இழுத்தாரு.

"எங்க நின்னாலும்னு நீருதானவே சொன்னீரு? வாய் மூடல இன்னும். எறங்கும், எறங்கித் தெருவ விட்டே போவும். புண்ணியமாப் போவும்."

மாமா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. அப்ப அத்தை பக்கம் திரும்புனாரு. அத்தை இவங்க பேச்சு ஒண்ணையும் கவனிக்கல. முந்தானையால கண்ணத் தொடச்சிக்கிட்டு, கட்டிப் போன தொண்டையோட, "வந்துருங்க... ஒரு வாயி சாப்ட்டுட்டுப் போயிருங்க..."ன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தா. மாமா தோள்துண்ட எடுத்து உதறிப் போட்டுக்கிட்டு, மறுவார்த்த பேசாமப் படி எறங்கிப் போயிட்டாரு. கடைசி வார்த்தைய அடுத்தவனுக்கு விட்டுட்டு அவரு போயி நான் பாத்ததே இல்ல.

அவரு போயும் காக்கா வரல. அண்ணாச்சி கைப்பிடிச் சுவர்ல ஏறாத கொறையா எட்டி எட்டிப் பாத்தாரு. "வரும், இப்ப வரும், அந்தாளு தெரு முக்கத் தாண்டணும்லா"ன்னு அவரே அந்தப் பொய்ய நம்ப ஆரம்பிச்சிட்டாரு. வடிவுதான் எங்கிட்ட வந்து, "போயி மாமாவக் கூட்டிட்டு வாங்க. அவிய பசி தாங்க மாட்டாவ. கோவிச்சிக்கிட்டு ஊருக்கே போயிரப் போறாவ"ன்னா.

நான் தெரு முக்குக்குப் போனேன். முக்குல ஒரு பலகாரக் கடை. கடைக்குப் பின்னால வேப்ப மரம், மரத்தடியில குப்பைத் தொட்டி. அங்க நான் கண்ட காட்சிய இப்ப நெனச்சாலும் சிரிப்பாணி அள்ளிக்கிட்டு வருது. ஆவுடை மாமா குத்த வச்சு உக்காந்திருக்காரு. கையில ஒரு பொட்டலம் காராச்சேவு. அவரச் சுத்தி ஊருக் காக்கா மொத்தமும் உக்காந்திருக்கு. ஒண்ணு முழங்கால் மேல நிக்கு. ஒண்ணு தோள்ல ஏறிக் காதுல கெடக்க முடிய இழுத்துக்கிட்டு இருக்கு. காலையில இருந்து வடையும் பாயாசமுமாத் தின்னு தெவட்டிப் போன காக்காவுக்குக் காராச்சேவு உறப்பு அமிர்தமா இருந்திருக்கு.

நான் வந்தது அவருக்குத் தெரியல. காக்காகிட்டக் குசுகுசுன்னு பேசிக்கிட்டு இருந்தாரு. "எய்யா, ராசா, நல்லாருப்பீய. ரெண்டு பேரு மட்டும் வாங்க போதும். எங்கக்கா காலையில இருந்து தண்ணி குடிக்கல. அழுதா. அவ அழுதா எனக்குத் தாங்காதுய்யா."

"மாமா"ன்னேன்.

மனுசன் திடுக்குன்னு திரும்புனாரு. தோள்ல காக்கா, முழங்கால்ல காக்கா, தலைக்கு மேல காக்கா. எம் மூஞ்சியப் பாத்தாரு. கண்ணச் சிமிட்டக் கூட இல்ல.

"சரண்டர் ஆயிருக்கு மாப்ள. மொத்தப் படையும். கைதிக்குச் சோறு போடாம இருக்கக் கூடாது, அது சட்டம்."

"சரி மாமா. கைதிகள மாடிக்குக் கூட்டிட்டு வாங்க. அத்தை காத்திருக்காவ."

வந்தோம். அவரு ஒவ்வொரு காராச்சேவாத் தூவிக்கிட்டே பின்னோக்கி நடக்காரு, காக்காவெல்லாம் தத்தித் தத்தியும் பறந்தும் பின்னால வருது. தெருவே வாசலுக்கு வந்து வேடிக்க பாத்துச்சு. படியேறி மாடிக்கு வந்ததும் காக்கா பூராவும் கைப்பிடிச் சுவர்லயும் தண்ணித் தொட்டி மேலயும் கம்பியிலயும் வந்து உக்காந்துட்டு. சப்பாணிமுத்து அண்ணாச்சி எந்தக் கதைய நம்புததுன்னு தெரியாம, மாமாவையும் காக்காவையும் மாத்தி மாத்திப் பாத்தாரு.

அத்தை எந்திரிச்சு நின்னு கையெடுத்துக் கும்பிட்டா. ஆனா காக்கா எதுவும் எலைக்கு வரல. மாமா தூவுன காராச்சேவ மட்டும் தரையில இருந்து பொறுக்கிட்டு, மறுபடி போயிச் சுவர்ல உக்காந்துக்கிட்டு. எலையப் பாக்கும், தலையச் சாய்க்கும், நம்மளப் பாக்கும். எறங்க மாட்டேங்குது.

"எலையில காராச்சேவ வையும்வே"ன்னு அண்ணாச்சி கிசுகிசுத்தாரு.

"வேண்டாம்"னா அத்தை. "காராச்சேவுக்கு வந்தா அது காக்கா வந்ததா இருக்கும். அவிய வந்ததா இருக்காது. அவிய ஏன் எறங்கலைன்னு எனக்குத் தெரியும்."

எல்லாரும் அத்தையப் பாத்தோம்.

"கடைசி மாசம் இளைப்பு கூடிப் போச்சுல்லா. சிரிக்க வைக்காதீய, இருமல் வந்தாத் தாங்காதுன்னுட்டாரு டாக்டரு. நாந்தான் ஆவுடைய வீட்டுப் பக்கம் வராதலேன்னு சொல்லி வச்சேன். அவிய தெனமும் வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தாவ. 'ஆவுடை வரலையா? வந்தா ரெண்டு புளுகு புளுகுவான்லா, பொழுது போவும்லா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாவ. நான், 'அவன் மெட்ராசுக்குப் போயிருக்கான்'னேன். எனக்குப் பொய் சொல்ல வராது. அவிய கண்டுபிடிச்சிட்டாவ. சும்மா சிரிச்சாவ. அந்தக் கொறையோடதான் போயிட்டாவ." அத்தை மூக்கச் சிந்திட்டு மாமா பக்கம் திரும்புனா. "லே, நீ சப்பாணிமுத்துக்குச் சொன்னது போதும். அவியளுக்குச் சொல்லு. அவிய கேக்காத கதையாச் சொல்லு."

ஆவுடை மாமா வாயத் தெறக்காரு, மூடுதாரு. ஆனைய வெரட்டுன மனுசன், காக்காப் பஞ்சாயத்துப் பேசுன மனுசன், சத்தம் வராம நிக்காரு. கண்ணு கலங்கிட்டு. துண்டால முகத்த அழுத்தித் தொடச்சாரு. அப்புறம் கைப்பிடிச் சுவர்ல நடுவுல உக்காந்திருந்த ஒரு அண்டங்காக்காயப் பாத்து, தொண்டையச் செருமுனாரு.

"அத்தான்"ன்னாரு. "அந்தக் காக்கா ஒப்பந்தத்துக்கு அப்புறம் நடந்த கூத்த உங்ககிட்டச் சொல்லவே இல்லையே. எங்க ஊருல ஒரு காக்கா கூட இல்லாமப் போச்சு. நமக்கு நிம்மதின்னு இருந்தேன். ஆடி அமாவாச வந்துச்சு பாருங்க, வசமா மாட்டிக்கிட்டேன். வீட்டுக்கு வீடு எல போட்டாச்சு. எடுக்கக் காக்கா இல்ல. ஊரே பட்டினி. ஆம்பள பொம்பள எல்லாரும் கையில கெடச்சத எடுத்துக்கிட்டு என் வாசல்ல வந்து நிக்காவ. 'காக்காயக் கொண்டா, இல்ல உன்னையக் கொன்னு உனக்கு எல போடுவோம்'ங்காவ."

அண்டங்காக்கா தலைய ஒரு பக்கம் சாச்சுச்சு.

"ஓடுனேன் அத்தான் பாவநாசத்துக்கு. ஆத்தங்கரையில நல்ல லட்சணமான காக்காயாப் பாத்து, கால்ல விழுந்தேன். 'ஒப்பந்தம் என்னாவுது?'ன்னு கேட்டுச்சு. 'ஒரு நாளைக்கு மட்டும் விதிவெலக்கு'ன்னேன். சரின்னு வந்துச்சு. பஸ்ஸுல ஏறுனோம். கண்டக்டரு காக்காவுக்கும் டிக்கெட் எடும்ங்காரு. 'பறக்குத சாதிக்கு எதுக்குய்யா டிக்கெட்?'னு சட்டம் பேசுனேன். 'பறந்து வந்தா வேண்டாம், சீட்டுல உக்காந்தா எடுக்கணும்'ங்காரு. நியாயந்தான. வயசு கேட்டாரு. காக்காவே சொல்லிச்சு, மூணு முடிஞ்சு நாலு நடக்குன்னு. அர டிக்கெட் போட்டாரு."

அண்டங்காக்கா சுவர விட்டுத் தத்தித் தரைக்கு எறங்குச்சு. வடிவு எங் கைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. மாமாவுக்குக் கொரல்ல தெம்பு வந்துட்டு.

"மரியாத தெரிஞ்ச காக்கா அத்தான் அது! அம்பாசமுத்திரத்துல ஒரு பிள்ளத்தாச்சி ஏறுனா. அத்தன ஆம்பளயும் தூங்குத மாதிரிக் கண்ண மூடிக்கிட்டானுவ. இது எந்திரிச்சுச் சீட்டக் குடுத்துட்டு, மேல கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஊரு வரைக்கும் நின்னே வந்துச்சு!"

காக்கா ரெண்டு தத்துத் தத்தி எலைக்கிட்ட வந்துச்சு. சோத்தப் பாத்துச்சு. மாமாவப் பாத்துச்சு. ஒரு கொத்து. சோத்துல ஒரு கொத்து, பருப்புல ஒரு கொத்து, அப்புறம் உளுந்த வடைய எடுத்து எலையிலயே போட்டுப் பிய்க்க ஆரம்பிச்சுது. சுவர்ல இருந்ததெல்லாம் ஒவ்வொண்ணா எறங்கி வந்துச்சு.

அண்ணாச்சி, "எடுத்துட்டாவ... கொம்பையா எடுத்துட்டாவ..."ன்னு கையத் தலைக்கு மேல கூப்புனாரு. பசியெல்லாம் மறந்து போச்சு மனுசனுக்கு. ஆனா ஆவுடை மாமாவ யாரும் நிறுத்த முடியாது இனிமே. கையக் கால ஆட்டி, மாடி அதிரப் பேசுதாரு.

"ஊருக்கு வந்தாச்சு அத்தான்! காக்கா ஒண்ணு, எல நூறு! மொத வீட்டுல நல்லாச் சாப்ட்டுச்சு. பத்தாவது வீட்டுல ஏப்பம் விட்டுச்சு. அம்பதாவது வீட்டுல பறக்க முடியல, நடந்து வந்துச்சு. எண்பதாவது வீட்டுல நடக்கவும் முடியல, நாந்தான் தோள்ல தூக்கிட்டுப் போனேன். கடைசியா என் வீடு. எம் பொண்டாட்டி நெய்ய ஊத்தி, வடைய எடுத்து முன்னால வச்சா. காக்கா என்ன ஏற எறங்கப் பாத்துச்சு அத்தான். கண்ணுல தண்ணி. 'ஆவுடையப்பா, ஒன் ரைபிள்ல ஒத்தத் தோட்டா மிச்சமிருக்கா? சுட்டுரு. வடைய மட்டும் காட்டாத'ன்னுச்சு!"

நான் சிரிச்சேன், வடிவு சிரிச்சா, சப்பாணிமுத்து அண்ணாச்சி வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சுவர்ல சாஞ்சுட்டாரு. எலையில அண்டங்காக்கா வடைத் துண்டு அலகுல இருக்க, தொண்டையில இருந்து கர்ருன்னு ஒரு சத்தம் போட்டுச்சு.

அத்தை சிரிக்கா, கண்ணுல இருந்து பொலபொலன்னு கொட்டுது, அதோட ஓடி வந்து தம்பி கையப் பிடிச்சா.

"லே, மெதுவாச் சொல்லுலே. வாயில சோறு இருக்குல்லா, அவியளுக்குப் புரையேறிரப் போவுது."